செசிலி சொல்லாத ஆமென்

செசிலி அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. மடுல்சீமைக்கு மேலே, பாதை முடிகிற இடத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். மலையில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த செடி நிரை, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கட்டிய லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுச்சுவர் கூரையைத் தொடாது. அவள் தாளிப்பது எனக்குத் தெரியும், நான் தும்முவது அவளுக்குத் தெரியும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் என்மேல் பழி போட வேண்டாம். லயத்தைக் கட்டியவனைப் போய்க் கேளுங்கள்.

அவள் கணவர் றோய் அண்ணன் எங்களை மேய்க்கிற கங்காணி. பாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் தோட்டத்துக் கோயிலில் செபம் நடத்துவதும் அவர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "ஆண்டவர் புண்ணியத்துல ஒரு குறையுமில்ல" என்பார். செசிலி கேட்டாலும் அதே பதில்தான். ஊருக்குச் சொல்வதையே பெண்டாட்டிக்கும் சொல்கிற மனிதரோடு பத்தொன்பது வருடம் வாழ்வது லேசான காரியமா?

ஒன்பது வருடத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை ஏழாம் மாதமே பிறந்தது. பதுளைக்குப் போகும் வழியில், லொறியிலேயே பிறந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். பிறகு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் பல வருடம் ஒரு பேச்சும் எழவில்லை. அதற்கு நானே சாட்சி.

எங்கள் மலையில் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவளின் கூடைகூடத் தெரியாது. மலை, மரம், பாதை எல்லாம் கரைந்துபோய், நாம் மட்டும் எங்கோ மிதப்பதுபோல் இருக்கும். அப்போது நாங்கள் "ஓ" என்று குரல் கொடுப்போம். கீழே பாதையில் நிற்கிற கங்காணி திருப்பி "ஓ" என்பார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவோம்.

போன வருடம், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், அப்படிக் குரல் கொடுத்தோம். பதில் வரவில்லை. செசிலியும் நானும் செடிகளைத் தடவித் தடவிக் கீழே இறங்கினோம். ஒரு மரத்தடியிலிருந்து றோய் அண்ணனின் குரல் கேட்டது. ஆளைக் காணவில்லை, பனிதான் பேசியது.

"ஆண்டவரே, அவளுக்கு வலி வந்துருச்சுன்னு ஆள் வந்து சொன்னுச்சு. நான் ஒடனே போகலயே. கொழுந்த தராசுல நிறுத்து முடிச்சிட்டுத்தான் லொறி தேடப் போனேன். அரை மணித்தியாலம் போயிருச்சு. இத அவகிட்ட எப்புடிச் சொல்லுவேன்?"

செசிலி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். சத்தமில்லாமல் மேலே ஏறி, தூரத்தில் நின்று மறுபடி "ஓ" என்றாள். இந்த முறை பதில் கணீரென்று வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னாள். "இன்னைக்குக் கேக்கத்தான் போறேன். என்கிட்ட சொல்லலன்னா, அந்த வீட்டுல நான் சோறாக்குற ஆளுதான். பொண்டாட்டி இல்ல." எனக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறக்காத ஆளை நெருக்கினால் இருக்கிறதும் போய்விடுமே என்று நினைத்தேன்.

அவர்கள் வீட்டில் தினமும் பொழுது சாய்ந்ததும் செபம். அவர் சொல்வார், அவள் ஆமென் சொல்வாள். ஆமென் விழாமல் எழுந்திருக்க மாட்டார்கள், சோறும் கிடையாது. அன்றும் அவர் ஆரம்பித்தது நடுச்சுவருக்கு மேலாக எனக்குக் கேட்டது. "எங்களை ஒரு குறையுமின்றி நடத்தி வருகிறவரே, உமக்கு நன்றி." நிறுத்தினார். ஆமென் வரவில்லை.

"செசிலி?"

"நான் சொல்ல மாட்டேங்க."

"என்னா புள்ள, ஒடம்புக்கு முடியலயா?"

"ஒடம்புக்கு ஒன்னுமில்ல. ஒரு குறையுமில்லன்னு ஆண்டவர்கிட்ட சொல்றீங்க. அதுக்கு நான் எப்புடி ஆமென் சொல்றது? பனிக்குள்ள அவர்கிட்ட சொன்னத எனக்கும் சொல்லுங்க. நான் பக்கத்துலதான மண்டி போட்டுருக்கேன்."

பனி கூரைக்குள்ளும் வந்துவிட்டது. என் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. நான் அசையவில்லை.

பிறகு அவர் சொன்னார். அரை மணித்தியாலத்தையும் சொன்னார், பாதி பேச்சு, பாதி அழுகை. "என்னைய மன்னிப்பியா புள்ள?"

"அன்னைக்கு எனக்குக் காலையிலேயே வலிங்க," என்றாள் செசிலி. "கூடை நெறையட்டும்னு பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். நீங்க ரெண்டு தடவ என் நிரைப் பக்கமா வந்தீங்க. என்னா செசிலி, எப்புடி இருக்கன்னு கேட்டீங்க. ஒரு குறையுமில்லன்னு நான்தான் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

சற்றுப் பொறுத்து அவளே செபம் சொன்னாள். "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சோம். எங்களுக்கு ரொம்பக் கொறை இருக்கு. புள்ள இல்லாத கொறை இருக்கு. இனிமே சேந்து அழுகுறோம்."

"ஆமென்," என்றார் றோய் அண்ணன்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் செபம் சொல்லி அவர் ஆமென் சொன்னது அன்றுதான். நானும் இந்தப் பக்கம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அந்தப் பக்கம் செசிலி அழுகையோடு சிரித்தாள்.

"இந்தாடி, ஒன் பருப்பு கருகுது," என்றாள்.