பீங்கானில் போன கணக்குக் கொப்பி

எங்கள் வீட்டிலிருந்து வெறும் பீங்கான் திரும்பிப் போனதில்லை. அயல்வீட்டிலிருந்து தின்பண்டம் ஏதாவது வந்தால், அந்தப் பீங்கானைக் கழுவித் துடைத்து, அதில் எதையாவது வைத்துத்தான் உம்மா திருப்பி அனுப்புவார். ஒன்றும் அகப்படாத நாளில் இரண்டு தேசிக்காய், அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி முருங்கையிலை. கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அதனால் ஒரு தடவை தொடங்கிய பீங்கான் போக்குவரத்து நின்றதே இல்லை. யார் முதலில் கொடுத்தது என்பது எல்லோருக்கும் மறந்து போயிருக்கும்.

என் நாட்குறிப்புகள் நான் சொல்லப்போகும் சம்பவத்துக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. ஆகையால் இதில் எதற்கும் எழுத்தில் ஆதாரம் கிடையாது. எண்ணிக்கைகளை அந்த வயதிலேயே எண்ணி வைத்திருந்தேன். அவை சரியாக இருக்கும்.

அரசாங்கம் பாடப் புத்தகங்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. நான் ஆறாம் வகுப்பு. என் ராத்தா, அதாவது அக்கா, அதே பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. இரண்டு பேருமாகப் பதினாறு புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்தோம். உம்மா ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தார். அவருக்குக் குர்ஆன் ஓதவும், அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழை வாசிக்கவும் நன்றாக வரும். தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

“இவ்வளவும் சும்மாவா தந்தாங்க?”

“ஓம் உம்மா. காசி இல்ல.”

அன்று பின்னேரமே உம்மா வட்டிலப்பம் அவித்தார். நீலக்கரை போட்ட பீங்கானில் வைத்து மூடி, மறுநாள் காலையில் என் கையில் கொடுத்துப் பள்ளிக்கூட அதிபருக்கு அனுப்பினார். அதிபர் பக்கத்து ஊர்க்காரர்; சைக்கிளில் வருவார். மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். அவரும் எங்கள் பழக்கத்தில் வளர்ந்தவர் அல்லவா? பீங்கானை வெறுமனே திருப்பி அனுப்ப அவருக்கும் மனம் வரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து துழாவி, நான்கு வெண்கட்டிகளை எடுத்து வைத்து அனுப்பினார். அன்றிலிருந்து தவணைக்கு ஒரு தடவை வட்டிலப்பமோ கிண்ணத்தப்பமோ போகும், வெண்கட்டி வரும். எங்கள் வீட்டுச் சுவர் முழுவதும் என் எழுத்து.

இரண்டாம் தவணை தொடங்கியபோது ராத்தாவின் கணித ஆசிரியர் மாற்றலாகித் தன் ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. நேரசூசியில் மட்டும் கணிதம் அப்படியே இருந்தது. அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் பின்னல் வேலை செய்துகொண்டு இருந்தார்கள். ராத்தாவும் பின்னினாள். ஆனால் அதற்கு முன்பு ஒவ்வொரு நாளும் கணக்குக் கொப்பியைத் திறந்து, புதிய பக்கத்தில் திகதியை எழுதி, நடுவில் ‘கணிதம்’ என்று எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துவிடுவாள். பிறகு கொப்பியை மூடி வைப்பாள்.

“பாடமே இல்லயே, ஏன் எழுதுற?” என்று கேட்டேன்.

“சேர் வந்தா எத்தின நாள் விட்டுப் போச்செண்டு தெரியோணுமே” என்றாள்.

ராத்தாவுக்கு ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. இரவில் பாயில் படுத்தபடி என்னிடம் மட்டும் சொல்வாள். வாப்பா அப்போது பெரும்பாலும் வட்டையில், வயல்வெளிக் குடிசையான வாடியிலேயே தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வருவார். ராத்தாவைக் கேட்டு ஓரிடத்திலிருந்து கலியாணப் பேச்சு வந்திருந்தது. வாப்பா அதற்கு ஒரு முடிவு சொல்லியிருந்தார். “சோதின பாஸ் பண்ணினா படிக்கட்டும், நான் மறிக்கல்ல. இல்லாட்டி வந்த இடத்துக்கு ஓம் எண்டு சொல்லிருவன்.” பத்தாம் வகுப்பு முடிவில் வரும் அரசாங்கச் சோதனைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

உம்மாவின் தம்பி, என் மாமா, கல்விக் கந்தோரில், அதாவது கல்வி அலுவலகத்தில், எழுதுவினைஞர். கலியாணம் முடித்துப் பெண்வீட்டோடு சாய்ந்தமருதில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ராத்தாவின் கொப்பியைத் தற்செயலாகப் புரட்டினார். புரட்டிக்கொண்டே போனார்.

“என்னடி இது? முழுக்க வெள்ளையாக் கிடக்கு?”

ராத்தா சொன்னாள். மாமா உம்மாவின் பக்கம் திரும்பினார். அவருக்கு உம்மாதான் ராத்தா.

“ராத்தா, நீங்க போய் ஒரு சொல்லுக் கேக்கல்லயா?”

“என்னத்த கேக்கிற? புத்தகமும் தந்து, படிப்பும் சும்மா தாற மனிசனப் போய்க் குத்தம் கேக்கிறதா? ஒரு வெக்கம் வேணாமா?”

“அந்தப் புத்தகம் அவர்ர ஊட்டுச் சாமானா? நீங்க வாங்குற சீனி, துணி, எல்லாத்திலயும் அரசாங்கம் வரி எடுக்கு. அந்தக் காசிலதான் புத்தகம் அடிக்கிற. உங்கட காசி.”

உம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்ப அந்த வட்டிலப்பத்த நாங்கதான் தின்டிருக்கோணும்.”

மாமா கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் ஏணி மாதிரி வரைந்தார். மேலே பணிப்பாளர், அவருக்குக் கீழே வட்டாரக் கல்வி அதிகாரி, அவருக்குக் கீழே அதிபர், பிறகு ஆசிரியர், அடியில் பெற்றோர். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கம் இருக்கிறது, பிள்ளை படிக்கும் எல்லா வீட்டாருக்கும் அதில் கேட்க உரிமை உண்டு என்றார். அந்தச் சங்கத்தின் கூட்ட அறிவித்தல்களை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சந்தாக் காசு கேட்கிறார்கள் என்று நினைத்து உம்மா அவற்றால் பால் சட்டியை மூடி வைத்திருந்தார். கணித ஆசிரியர் உள்ள வேறு பள்ளிக்கூடத்துக்கு விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு மாறலாம், அதற்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை என்றும் மாமா சொன்னார். ஆனால் அதற்கு பஸ்ஸில் போக வேண்டும். ராத்தா பஸ்ஸில் போவதற்கு வாப்பா சம்மதிக்கமாட்டார் என்பது மாமாவுக்கும் தெரியும்.

உம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கட பேர் ஏன் ஆக அடியில கிடக்கு?”

மாமா தாளைத் தலைகீழாகத் திருப்பி உம்மாவின் கையில் கொடுத்தார். “இன்னா, இப்பிடிப் புடிங்க.”

உம்மா சிரிக்கவில்லை. அந்தத் தாளை நான்காக மடித்துக் குர்ஆன் வைக்கும் தட்டுக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் உம்மா நீலக்கரைப் பீங்கானை எடுத்தபோது அடுப்பில் எதுவும் அவிந்திருக்கவில்லை. பீங்கானில் ராத்தாவின் கணக்குக் கொப்பியை வைத்தார். ராத்தா பின்னிய வெள்ளை நூல் விரிப்பால் மூடினார்.

“குடுத்திட்டு ஒண்டும் கதைக்காத. பீங்கான் பொறகு வரட்டும் எண்டு மட்டும் சொல்லு.”

நான் கந்தோருக்குள் நுழைந்ததும் அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தின்னும்போது கண்ணாடி போடமாட்டார். விரிப்பைத் தூக்கினார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு விரிப்பை விரலால் தொட்டுக் கேட்டார்.

“இது ஆர் பின்னின?”

பேசக்கூடாது என்பது எனக்கு மறந்துவிட்டது. ராத்தாவின் பின்னலை ஒருவர் மெச்சுகிறார் என்று நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

“எங்கட ராத்தா, சேர். கணக்குப் பாடத்திலதான் பின்னின.”

அவர் கொப்பியை விரிப்பால் திரும்ப மூடினார். “வகுப்புக்குப் போங்க மகள்” என்றார். வெண்கட்டி தரவில்லை.

பீங்கான் வரவில்லை. உம்மா ஒவ்வொரு நாளும் நான் வாசலுக்கு வரும்போதே என் கையைப் பார்ப்பார். ராத்தா பார்க்காத மாதிரி இருப்பாள். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. இந்த ஒன்பதை நான் வெண்கட்டியால் சுவரில் கோடு போட்டு எண்ணினேன்.

பத்தாம் நாள் பின்னேரம் அதிபரே சைக்கிளில் வந்தார். வாப்பா வீட்டில் இல்லை என்று நான் சொன்னதும் வாசல் கடப்படியிலேயே நின்றுகொண்டார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் நீட்டிய பீங்கானை நான்தான் வாங்கினேன். அதில் கொப்பியும், அதன்மேல் மூன்று தாள்களும் இருந்தன. ஊதா எழுத்தில் கார்பன் பிரதிகள்.

“தங்கச்சி, கணக்கு மாஸ்டர் கேட்டு நான் மூணு கடிதம் எழுதியிருக்கன்” என்று கதவைப் பார்த்துச் சொன்னார். “ஒண்டுக்கும் பதில் இல்ல. நேர போனா, தாய் தகப்பன் ஆராவது கேட்டாங்களா எண்டுதான் மேல கேக்கிறாங்க. ஒருத்தரும் கேக்கல்ல.”

“கேக்கலாம் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயே, சேர்.”

அதிபர் சைக்கிள் மணியின் மேல் கையை வைத்தார்.

“ஓம். அது என்ட பிழைதான்.”

அந்த வாரம் முழுவதும், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, உம்மாவும் ராத்தாவும் நானும் வீடு வீடாகப் போனோம். கணித ஆசிரியர் கேட்டு ஒரு மனு; அதை ராத்தாதான் எழுதினாள். ஆண்கள் வயலிலும் கடலிலும் கடையிலும் இருந்தார்கள். கையெழுத்து வைத்தவர்கள் எல்லோரும் பெண்கள்.

“இதில வெச்சா எங்கட ஊட்டு அரிசிக் கூப்பன வெட்டமாட்டாங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“கூப்பன் வேற கந்தோர்கா. இது புள்ளைகள்ர படிப்புக்கு. நாம பிச்ச கேக்கல்ல, நமக்கெண்டு வெச்சது எங்க எண்டுதான் கேக்கிறம்” என்று உம்மா சொன்னார். மாமாவின் தாள் அவருடைய முந்தானை முடிச்சில் இருந்தது. தேவைப்பட்ட வீடுகளில் எடுத்து விரித்தார், தலைகீழாகவே.

நாற்பத்தொரு கையொப்பம். அதில் பதினேழு அரபு எழுத்தில். வலமிருந்து இடமாகப் போன அந்தப் பெயர்கள் தாளின் நடுவில் வந்து தமிழில் எழுதிய பெயர்களோடு முட்டிக்கொண்டு நின்றதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. மாமா அதைக் கந்தோரில் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தார்.

ஆசிரியர் வந்தார். தை மாதம், புதிய ஆண்டின் முதல் வாரத்தில் வந்தார். ராத்தாவின் சோதனை மார்கழியிலேயே முடிந்திருந்தது.

பெறுபேறு வந்தபோது கணிதம் ஒன்றைத் தவிர எல்லாப் பாடத்திலும் ராத்தா சித்தியடைந்திருந்தாள். தமிழில் அவள்தான் வகுப்பில் முதலாவது. மாமா ஓடி வந்தார். “ஒரு பாடம்தானே. மாஸ்டர் இப்ப இரிக்கார். வாற மார்கழியில அத மட்டும் எழுதினாச் சரி.” வாப்பா கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. தான் சொன்ன சொல்லை நினைவுபடுத்தினார். உம்மா குர்ஆன் தட்டுக்குக் கீழிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கமாகப் பிடித்தாலும், வாப்பா யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மாமா அதில் எழுதியிருக்கவில்லை.

வயலில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் நிக்காஹ் என்று முடிவாயிற்று.

புதிய ஆசிரியர் ஏழாம் வகுப்பில் எங்களுக்கும் கணக்குப் படிப்பித்தார். எனக்குக் கணக்கு நன்றாக வந்தது. அதனால் நான் எதுவரை போனேன் என்பது இங்கே தேவையில்லை. முதல் தவணையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்துக்கொண்டு ஓடிவந்து ராத்தாவிடம் காட்டினேன். அவள் தாளை நெடுநேரம் பார்த்தாள். அந்த இரண்டு புள்ளிகள் எங்கே போயின என்று தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், நாட்குறிப்பு எழுதப்போகிறேன், கொப்பி வேண்டும் என்று உம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். ராத்தா உள்ளே போய்த் தன் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்தாள்.

“இன்னா, இதில எழுது. சும்மாதானே கிடக்கு.”

என் முதல் நாட்குறிப்பு அதுதான். இப்போதும் அலுமாரியில் வரிசையின் தொடக்கத்தில் இருக்கிறது. எந்த ஆண்டை எடுத்தாலும் அன்றன்று நடந்ததை என்னால் சொல்ல முடியும். ஆனால் கொப்பி கைக்கு வந்த அந்த நாளைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ‘கொப்பி கிடைத்தது. பழைய திகதிகளை எல்லாம் வெட்டினேன்.’

அதை வெட்டிய விதம் மட்டும் எழுதப்படவில்லை. வெறும் பக்கங்களின் தலையில் வேறு திகதியும் ‘கணிதம்’ என்ற சொல்லும் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அடிமட்டம் வைத்து, சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடிட்டு, ஒவ்வொரு பக்கமாக வெட்டிக்கொண்டு போனேன். அறுபத்தேழு பக்கங்கள். ராத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பென்சில் மழுங்கியபோது சீவித் தந்தாள். கோடு கோணாமல் இருக்க, அடிமட்டத்தின் மறுமுனையைக் கடைசிப் பக்கம் வரை அவளே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.