வேப்பம்பட்டுக்குச் சாகப் போன ஞாயிற்றுக்கிழமை

இந்த வலைப்பூவில் இதுவரை ஏரி, கோயில், கோட்டை என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒரு கொலைக்காகப் பயணம் போனது இதுதான் முதல் தடவை. கொலையானது நான்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் பிரபு என்றொரு பையன் குடியிருக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. வேலை. மிச்ச இரண்டு நாள் டைரக்டர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ‘உடும்புப்பிடி’ என்று ஒரு கொலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கோதாவில் ஏமாற்றித் தோற்கடிக்கப்பட்ட ஒரு மல்யுத்த வீரன், உடும்பு முகமூடி போட்டுக்கொண்டு, அன்றைக்குக் கைதட்டியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கழுத்தைப் பிடித்துக் கொல்கிறான். இதுதான் கதை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கி வந்து, “அக்கா, நாளைக்கு ஃப்ரீயா? சாகணும்” என்றான். நடிக்க வேண்டிய பெண்ணுக்கு ஆபீஸில் திடீர் வேலையாம்.

“நான் என்ன தப்பு பண்ணேன், என்னை எதுக்குக் கொல்றான்?”

“நீங்க மூணாவது வரிசையில உக்காந்து விசில் அடிச்சீங்கக்கா.”

எனக்கு விசிலடிக்கத் தெரியாது. ஆனால் கணக்கெழுதும் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரியை யார் இதற்கெல்லாம் கூப்பிடுவார்கள்? என் கணவரும், “போய்ட்டு வா, சமையலை நான் பாத்துக்கறேன்” என்றார். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது கொஞ்சம் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் அம்பத்தூர் ஸ்டேஷன். அங்கிருந்து திருவள்ளூர் பக்கம் போகும் எந்த மின்சார ரயிலும் வேப்பம்பட்டில் நிற்கும். பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நன்றாகக் காய வேண்டும். ஆவடி வரை நின்றுகொண்டு போனேன். திருநின்றவூரில் கூட்டம் மொத்தமாக இறங்கியதும் ஜன்னலோரம் கிடைத்தது. உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் வேப்பம்பட்டு வந்துவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் பிரபு அனுப்பிய வழியைக் காட்டினேன். அவர் படித்துப் பார்க்கவேயில்லை.

“அந்தப் பல்லி மூஞ்சிக்காரன் போன ஊடா மேடம்? காத்தால நான்தான் இட்டுகினு போனேன். வண்டியில ஏறுனதுலர்ந்து மூஞ்சிய காட்டவே இல்ல. கண்ணாடில பாத்துகினே ஓட்டுனேன், எப்போ கழுத்துல கைய வெப்பானோன்னு. எறங்கசொல்லோ ‘ரொம்ப நன்றிண்ணே’ன்றான். அத்தான் மேடம் ரொம்ப பயமா பூட்ச்சு.”

அறுபது ரூபாய் வாங்கினார். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். மனைக்கற்கள் நட்ட காலி இடங்கள், நடுநடுவே புதிதாகக் கட்டிய வீடுகள். அதில் பச்சை நிறப் பெயின்ட் அடித்த தனி வீடுதான் எனக்கான கொலைக்களம். வாடகைக்கு விட வைத்திருந்த வீடு. குடிவருகிறவர்கள் திங்கட்கிழமைதான் வருகிறார்கள் என்று சொல்லி, வீட்டுக்காரர் ஞாயிறு ஒருநாள் மட்டும் கொடுத்திருந்தார். பிரபு இரவல் வாங்கிய கேமராவையும் அன்று சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு எடுக்காவிட்டால் படத்துக்கு முடிவே கிடையாது.

கொலைகாரர் ஹாலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் தனசேகர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நிஜமாகவே மாநில அளவில் மல்யுத்தம் போட்டவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். கதவை அடைக்கும் அகலம். முகமூடியை ஆட்டோ சீட் தைக்கிற ஒருவர் பச்சை ரெக்சினில் தைத்து, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்திருந்தார். பின்பக்கம் கயிறு கட்டி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும் என்பதால் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். இட்லியை வாய்ப்பக்கம் இருந்த ஓட்டை வழியாகத் துண்டு துண்டாக உள்ளே தள்ளினார்.

“வணக்கம்க்கா. சாப்ட்டீங்களா?” என்றார்.

முதல் தடவை செத்தது பதினொரு மணிக்கு. நான் ஜன்னலைச் சாத்த வேண்டும், திரும்ப வேண்டும், அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தார். கண்ணைச் செருகினேன். அப்போது முகமூடிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல்: “வலிக்குதாக்கா?”

“கட்!” என்று பிரபு கத்தினான். “அண்ணே, நீங்க அவங்களக் கொல்றீங்க!”

“தெரியுது நைனா. ஆனா அவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே.”

“அதுக்குப் பேருதான் நடிப்பு!”

எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது தடவை சாகும்போது எல்லாம் சரியாக நடந்தது. சுவரெல்லாம் ரத்தம் தெளித்து, என் கழுத்திலும் ஊற்றி, ஹாலில் கிடத்தினார்கள். (கழுத்தை நெரித்தால் ரத்தம் எப்படி வரும் என்று கேட்டேன். பிரபு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.) ரத்தம் என்பது சர்க்கரைப் பாகு, மைதா, சிவப்புக் கலர். பாகு என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு எறும்பு கடித்த பிறகுதான் புரிந்தது. முதலில் ஒன்று. பிறகு சொந்தபந்தத்தோடு வந்தன. பிணம் தோளைச் சொறிந்தது. கட்.

மூன்றாவது தடவைக்குத் தரையைத் துடைத்து, எறும்பு மருந்து போட்டு, மறுபடி வெளிச்சம் சரிசெய்வதற்குள் மணி மூன்றாகிவிட்டது. இந்த முறை நான் செத்த பிறகு தனசேகர் என் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் தூக்கி உறும வேண்டும். அதுதான் படத்தின் கடைசிக் காட்சி. பிரபுவும் கேமராவும் சமையலறைக்குள். நான் தரையில், வாசல் பக்கம் பார்த்த முகத்தோடு, ஒரு கண்ணை அரைவாசி திறந்தபடி.

உறுமல் ஆரம்பித்தது. அப்போது வாசல் கதவு திறந்தது.

முப்பது வயதுக்குள் ஒரு பெண். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் கனமான மஞ்சள் பை. அவளுக்குப் பின்னால் ஒற்றை அடுப்பைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா. திங்கட்கிழமை குடிவர வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமையே பால் காய்ச்ச வந்துவிட்டார்கள்.

எனக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு என் ரத்தம் தெரிந்தது. கத்துவாள், ஓடுவாள் என்றுதான் நினைத்தேன். முகம் வெளுத்துப் போய், உதடு நடுங்க, அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். முகமூடியில் கண் ஓட்டை சின்னது. பக்கவாட்டில் வருவது தனசேகருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தார். அவள் மஞ்சள் பையைச் சுழற்றி அவர் மண்டையில் ஒரு போடு போட்டாள்.

பைக்குள் இரண்டு தேங்காய்.

எத்தனையோ பேரைத் தூக்கிப் போட்ட மனிதர், “அம்மா!” என்று மல்லாக்க விழுந்தார். பை கிழிந்து ஒரு தேங்காய் தரையில் மோதி உடைந்தது. அவள் அடுத்த சுற்றுக்குக் கையை ஓங்கினாள்.

டைரக்டர் கட் சொல்லவில்லை. சொல்லாமல் பிணம் எழுந்திருக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, “அடிக்காதம்மா, இது சினிமா!” என்று கத்தினேன்.

அதுவரை அசையாமல் நின்ற அவள் அப்பா, பிணம் பேசியதும் அடுப்பைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்தார். எதிர் மனைக்கல் தாண்டித்தான் நின்றார்.

அவள் பெயர் செல்வராணி. தென்காசிப் பக்கம். திருவள்ளூரில் நர்ஸ் வேலை. திங்கட்கிழமை ஷிப்ட் மாறிவிட்டதால், ஞாயிறு மாலை மூன்றேகால் முதல் நாலேகால் வரை நல்ல நேரம் என்று காலண்டரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாமான் லாரியோடு கணவர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று. இதையெல்லாம் அவள் சொன்னது தனசேகரின் முகமூடிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. பிறகு செல்போன் வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்தாள், தலையைத் தடவிப் பார்த்தாள்.

“இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க?”

“ஞாயித்துக்கெழம.”

“வாந்தி வாரமாரி இருக்கா?”

“இல்ல மேடம். ஸ்பாஞ்சு காப்பாத்திடுச்சு. ஆனா நல்ல அடி. தோள்லர்ந்து வந்துச்சு” என்றார் பி.டி. சார். வியர்வையில் நனைந்து, ரெக்சின் பட்டுச் சிவந்த முகம். சின்னப் பிள்ளை முகம்.

அப்பா திரும்பி வந்தார். வாசற்படிக்கு வெளியேதான் நின்றார்.

“ஏட்டி, வா போவோம். பொணம் கெடந்த வீட்டுல பால் காய்ச்சவா? சொவரெல்லாம் ரத்தம். வேற வீடு பாப்போம்.”

“யப்பா, அந்தக்கா உயிரோடதான் இருக்காங்க. லாரி வந்துட்டு இருக்கு. ராத்திரி எங்க போய்ப் படுக்க?”

“கொண்டாந்த தேங்காய ஒருத்தன் மண்டையில ஒடச்சிருக்க. இது நல்ல சகுனமாட்டி?”

பிரபு அழுதுவிடுவான் போலிருந்தது. வீட்டுக்காரருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவன் நினைத்திருப்பான். எனக்கோ அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. ஆசையாகப் பட்டுடுத்திப் புது வீட்டுக்கு வந்தவளை என்ன கோலத்தில் வரவேற்றிருக்கிறோம்!

தரையில் கிடந்த தேங்காயை செல்வராணி குனிந்து எடுத்தாள். இரண்டு மூடியையும் பொருத்திப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

“அழுகல் இல்ல. கோணல் இல்ல. பாதிக்குப் பாதி. நீங்க வாழ்நாள்ல இப்படி ஒடச்சிருக்கீங்களாப்பா?”

அவர் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பூ விழுந்திருந்தது, வெள்ளையாக, உருண்டையாக. தேங்காயில் பூ என்றால் நல்ல சகுனம், கேட்க வேண்டுமா? செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். மணி மூன்றரை. தனசேகர் ஏணியே இல்லாமல் சுவரை மேல் வரை துடைத்தார். பிரபு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தான். நான் பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்து கோலம் போட்டேன். நல்ல நேரம் முடிவதற்குள் கிழக்குப் பார்த்துப் பால் பொங்கியது. அந்த அப்பாதான் முதல் டம்ளரைக் கொலைகாரருக்குக் கொடுத்தார்.

பால் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பிரபு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் கதவைத் திறந்ததிலிருந்து தேங்காய் உடைந்தது வரை எல்லாம் பதிவாகியிருக்கிறது. போட்டுக் காட்டினான். எங்கள் யாருக்கும் அப்படி நடிக்க வராது.

“இதையே படத்தோட முடிவா வெச்சுக்கவா? நீங்க வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறேன்.”

செல்வராணி இரண்டு தடவை பார்த்தாள். “என் மூஞ்சி வரலாம். ஆனா அந்த அண்ணன் மூஞ்சியும் வரணும். நான் யாரை அடிச்சேன்னு ஜனங்களுக்குத் தெரியாண்டாமா?”

தனசேகர் டம்ளரைக் கீழே வைத்தார். முகமே வராது என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான் பிரபு. பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற கூச்சம். கலைந்த தலையைக் கையால் கோதிப் பார்த்துவிட்டு, “சீப்பு கீதா?” என்று கேட்டார்.

மறுபடி முகமூடி கட்டி, செல்வராணியே அதை உருவுகிற மாதிரி ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள். தலை வாரிய கொலைகாரனை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

இதுபோல நண்பர்கள் படத்தில் சாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய சுடிதார் போட்டுக்கொண்டு போங்கள். சாப்பாடு தருவார்கள் என்று நம்பாதீர்கள். வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கமே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். ரத்தம் எதில் செய்தது என்று முதலிலேயே கேளுங்கள். கிளம்பும்போது முகத்தோடு கழுத்தையும் கழுவுங்கள். அவசரத்தில் நான் கழுத்தை மறந்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், மடியில் காய்கறிக் கூடை. திருநின்றவூர் தாண்டியதும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஊட்டுக்காரரா?”

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அதன்மேல் எறும்புக்கடித் தடிப்பு வேறு. “ஐயோ, இல்லம்மா, சினிமாவுல நடிச்சேன். இது மைதா” என்றேன்.

“நானும் மாடிப்படில உயுந்துட்டேன்னு சொல்லிகினு இருந்தவதான்” என்றார் அவர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “ஆவடில எறங்கு. நான் கூட வர்றேன், போலீஸ் டேசன்ல பேசுவோம்.”

போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். பச்சை முகமூடியோடு தனசேகர் இட்லி சாப்பிடும் படத்தைப் பார்த்து, “இவனா?” என்றார். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆவடி வந்தது. அது அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன். இறங்கவில்லை. அம்பத்தூரில் என்னோடு இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி, கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசல் வரை வந்தார்.

கதவைத் திறந்த என் கணவர் கையில் கரண்டி. அந்த அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“தம்பி, எனக்கு ஆவடிதான். ரொம்ப தூரம் இல்ல. அப்பப்போ வந்து பாப்பேன்.”

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். தெரு முனையில் அவர் திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன். என்ன நடந்தது என்று கேட்ட கணவரின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுவாரம் நிஜமாகவே வந்தார். கூடையில் எங்களுக்கும் கொஞ்சம் முருங்கைக்கீரை. பிரபுவைக் கீழே வரவழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னேன். செல்வராணி தேங்காய்ப் பையை வீசும் இடத்தில் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். திரும்பப் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி கொண்டுவந்து வைத்த என் கணவரிடம், “சக்கர கம்மியா கீது” என்றார்.