சந்தாலாவின் பத்தியம்

எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். வாத்து வளர்க்கிறவளுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால் வாத்து மிஞ்சாது. ஆனால் எதிர்வீட்டுச் சந்தாலாவைச் சந்தேகப்படுவதில் ஊரே என்னை மிஞ்சிவிட்டது.

மேகாங் ஆற்றுச் சாலையில் பேருந்து நிற்கும் இடத்தில் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்துக் கலந்து விற்கிறவள் சந்தாலா. உலக்கைச் சத்தத்தையும் தாண்டி அவள் சிரிப்பு கேட்கும். மூத்தவள் லட்டா கொழுகொழுவென்று வளர்ந்தாள். அடுத்துப் பிறந்த இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வந்தது. முதலில் பால் குடிக்காது. பிறகு வாயைத் திறந்து அழும், சத்தம் வராது. அப்புறம் மூச்சு வாங்கும். கண்ணெதிரே போய்விடும். சந்தாலாவின் சிரிப்பும் அதோடு போனது.

"பத்தியத்தை மீறியிருப்பா" என்றது ஊர். எங்களில் பிள்ளை பெற்றவள் கனலுக்கு மேல் போட்ட மூங்கில் கட்டிலில் படுத்து உடம்பைக் காய்ச்ச வேண்டும். பசை அரிசிச் சோறு, உப்பு, சுட்ட சித்தரத்தை, மூலிகைத் தண்ணீர். வேறு எதைத் தின்றாலும் பால் கெட்டுவிடும். சந்தாலாவுக்கு வாய் நீளம், நாக்கும் நீளமாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

நான்காவதாகப் பையன் பிறந்ததும் அவள் அக்கா கம்லா காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். வேற்றூரில் வாழ்க்கைப்பட்டு, லட்டா பிறந்த மறு வருஷம் விதவையாகத் திரும்பி வந்தவள். தங்கை என்றால் உயிர். அந்த உயிர்தான், தூண்மேல் நிற்கும் அவர்கள் வீட்டின் ஏணியடியை விட்டு நகராமல் அவளைக் காபந்து பண்ணியது. கட்டிலை விட்டு இறங்கிய பிறகும் பத்தியம் மட்டும் விலகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் வாத்து ஒன்று காணாமல் போனது. அவர்கள் வீட்டுத் தூண்களுக்கு நடுவே இறகு கிடந்தது. கம்லா அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"இது என்னடி?"

"இறகு."

"எனக்குத் தெரியாதா? யாரு தின்னது?"

"நான் எதையும் தொடலைக்கா."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"அது என் வாத்து!" என்று நான் கீழேயிருந்து கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதாவது கொடுத்துவந்த சுட்ட கருவாட்டுத் துண்டையும் அன்றோடு நிறுத்தினாள் கம்லா.

சில நாளில் பையன் முலையை உதறினான். கம்லா காய்ச்சும் மூலிகைத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று சந்தாலாவுக்குச் சந்தேகம். என் கண்தான் பட்டுவிட்டது என்றான் அவள் புருஷன் தொங்சை. எனக்கு அவன் மேல்தான் சந்தேகம். மறுநாள் காலையில் பையன் வாயை அகலத் திறந்து அழுதான். சத்தமே இல்லை.

"பூசாரியைக் கூப்பிடு" என்றாள் கம்லா. சந்தாலா பிள்ளையை வாரிக்கொண்டு பவர் டில்லர் வண்டியில் ஏறினாள். "இவனையும் புதைக்க மாட்டேன்" என்றாள். தொங்சை வண்டியைக் கிளப்பினான். அவனை நம்பி அனுப்ப மனமில்லாமல் நானும் கம்லாவும் தொற்றிக்கொண்டோம்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் மணிவோன் பையனின் ஓசையற்ற அழுகையைப் பார்த்ததுமே கேட்டாள்: "பால் கொடுக்கிறீங்களே, நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

சந்தாலாவின் முகம் இறுகியது. இதே கேள்வியை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. "என் தலைமேல சத்தியம். சோறு, உப்பு, சித்தரத்தை. அக்கா கொடுத்ததைத் தவிர வேற எதுவும் நாக்குல படலை."

"வாத்து?" என்றாள் கம்லா.

"அதை நான்தான் தின்னேன்" என்றான் தொங்சை தரையைப் பார்த்தபடி. "சிநேகிதனுங்களோட."

எனக்கு அவனை அறையலாம்போல் இருந்தது. நர்ஸோ ஊசியை எடுத்துக்கொண்டே, "அவங்க தின்னிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். "வெறும் சோறும் உப்பும் தின்னா உங்க உடம்புல வைட்டமின் இருக்காது. உங்க பால்லயும் இருக்காது. பிள்ளைக்கு இதயம் சோர்ந்துபோகும், குரல் அடைச்சுக்கும்."

"குத்தாதே!" கம்லா குறுக்கே பாய்ந்தாள். "அதுல என்ன இருக்கோ!"

சந்தாலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேரையும் நான் நம்பலை" என்றாள். "ஆனா அக்கா, உன் பேச்சை ரெண்டு தடவை கேட்டுட்டேன்." பையனின் தொடையை நர்ஸ் பக்கம் திருப்பினாள்.

மத்தியானம் மூச்சு இறைப்பது அடங்கியது. பொழுது சாய்வதற்குள் முலையைப் பிடித்து இழுத்தான். பிறகு அழுதான். கரகரத்த குரல்தான், ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

சந்தாலா அழவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "லட்டா பொறந்தப்ப நீ இங்க இல்லைக்கா. எனக்குப் பசி தாங்கலை. முட்டை, பன்னிக்கறி, பயறு, எல்லாம் திருட்டுத்தனமா தின்னேன். இவருதான் கொண்டுவந்து கொடுத்தாரு. அந்தப் பாவந்தான் அடுத்த ரெண்டையும் கொண்டுபோச்சுன்னு நினைச்சேன். அதான் அப்புறம் ஒரு பருக்கைகூட மீறலை."

நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோறு, முட்டை, கீரை, பக்கத்தில் ஒரு கிண்ணம் பன்றிக்கறி. சந்தாலா சாப்பிட ஆரம்பித்தாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. அப்படியும் கை நிற்கவில்லை.

கம்லா கறிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "அப்போ... அந்த ரெண்டும்..."

"கேக்காதேக்கா" என்றாள் சந்தாலா. "இன்னும் கொஞ்சம் கறி போடு."