ஆறு தையல் மெஷினும் நாலு இலாகாவும்

ஒருங்கிணைப்பாளர் என்பது, யாரும் நமக்குக் கீழே வேலை பார்க்காமல், எல்லோருடைய வேலைக்கும் நாம் பதில் சொல்ல வேண்டிய உத்தியோகம். கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்காக நகம் கடித்துக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் என் கட்சிதான். தொண்ணூறுகளில் ஆழ்வார்பேட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு அந்த வேலை. மந்தைவெளிப் பக்கம் கால்வாய்க் கரைக் குடிசைகளில் இருந்த பெண்களுக்கு வருமானத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும். அதற்காக மாநகராட்சி, மின்வாரியம், குடிநீர் வாரியம், தொழிற்பயிற்சி என்று நாலு இலாகாவை ஒரே மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? வேலையில் சேர்ந்த அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் கூட்டம்

கூட்டத்துக்கு முந்தைய நாள் முழுக்க எனக்கு ஒரே கவலை. அதிகாரிகள் வந்து பெண்கள் வராவிட்டால் என்ன செய்வது, பெண்கள் வந்து அதிகாரிகள் வராவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு விதமாகவும் பயந்தேன். நடந்தது இரண்டாவது. நாலு இலாகாவில் தொழிற்பயிற்சிக்காரர் ஒருவர் மட்டும் வந்தார். அவரும் கையோடு ஒரு திட்டம் வைத்திருந்தார்: எல்லோருக்கும் மெழுகுவர்த்தி செய்யப் பயிற்சி. அச்சுகள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதாம்.

அரை மணி நேரம் அவர் விளக்கினார். பன்னிரண்டு பெண்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார். மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா எழுந்தாள். நாற்பது வயதிருக்கும், குரல் தெருமுனை வரை கேட்கும்.

"மெழுகுவத்தி இன்னாத்துக்கு சார்? கரண்டு போனா நாங்க தூங்கிடுவோம்."

தி. நகரில் ஒரு நேர்முகம்

சேலைக்கு ஓரம் அடித்து, அடி விளிம்பில் ஃபால்ஸ் துணி வைத்துத் தைக்கலாம் என்பது அந்தப் பெண்களாகவே சொன்ன யோசனை. ஆறு பழைய மெஷின்கள் கிடைத்தன. மெஷின் கிடைத்ததும் என் கவலை வேலை எங்கே கிடைக்கும் என்பதற்கு மாறியது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை மேனேஜரைப் பார்க்கக் கன்னியம்மாவையும் அழைத்துப் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து நெரிசலில் இடிபட்டுக்கொண்டே, "நான் பேசிக்கறேன், நீங்க சும்மா இருங்க" என்று மூன்று தடவை சொல்லிவைத்தேன்.

மேனேஜர், "யூனிட் எங்கம்மா இருக்கு?" என்றார். நான், "மயிலாப்பூர் சைடு சார்" என்று இழுத்தேன். "கால்வா ஓரம் சார்" என்றாள் கன்னியம்மா. அவர் முகம் சுளித்து, "சேலையில வாடை வந்தா கஸ்டமர் திருப்பிக் குடுத்துருவாங்களே" என்றார். போச்சு, ஆறு மாத உழைப்பு போச்சு என்று நான் பையை எடுத்தேன். கன்னியம்மா நகரவில்லை. அவள் கேட்ட ஒரு கேள்வியில் மேனேஜர் கடைப் பையனைக் கூப்பிட்டார். சோதனைக்கு ஐம்பது சேலைகளைக் கட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அவள் கேட்டது இதுதான்:

"உங்க வூட்ல பாத்திரம் தேய்க்கிறது, துணி தோய்க்கிறது யாரு சார்? எங்களை மாரி ஆளுங்கதானே? அதுல இன்னா வாடை வந்துச்சு?"

ஆட்சேபணை மனு

பூட்டிக் கிடந்த பழைய வார்டு அலுவலக அறை ஒன்றை மாநகராட்சி எங்களுக்கு விட்டது. மெஷின்களை இறக்கிய மூன்றாம் நாள் தெருவாசிகள் சங்கத்திலிருந்து ஆட்சேபணை மனு போயிற்று. எழுதியவர் சங்கச் செயலாளர் சேஷாத்ரி மாமா. ஓய்வுபெற்றவர், எதிர் வீடு. அனுமதியை ரத்து செய்துவிட்டால்? நான் அன்று மத்தியானமே அவர் வீட்டு மணியை அடித்தேன்.

"எனக்கு யார்மேலயும் விரோதம் கிடையாதும்மா. ரெண்டு மணிக்குச் செத்த நேரம் படுத்துப்பேன். ஆறு மெஷினும் சேர்ந்து கடகடன்னா மனுஷன் கண்ணசர வேண்டாமா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இரண்டிலிருந்து மூன்று வரை மெஷினை நிறுத்திக் கைத்தையல் மட்டும் செய்வதாக எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் யோசித்தார். எனக்குக் காபி கொண்டுவந்த மாமி யோசிக்கவில்லை.

"இவர் விடற குறட்டைக்கு ஆறு மெஷின் எம்மாத்திரம்? பேசாம கையெழுத்தைப் போட்டுக் குடுத்து அனுப்புங்கோ."

மழை நாள்

தீபாவளிக்கு முந்தைய வாரம். கடையிலிருந்து வந்த இருநூறு சேலைகள் அந்த அறையில் இருந்தன, அதில் பட்டும் உண்டு. முந்தைய ராத்திரியிலிருந்து கொட்டிய மழையில் ஆழ்வார்பேட்டை அலுவலகத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால்வாய் நிரம்பி வழிகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். போன் செத்துக் கிடந்தது. குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். லஸ் சந்திப்பைத் தாண்டியதும் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு செருப்பு அதோடு போயிற்று. வழியெல்லாம் மேனேஜரிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்களைக் கோத்துப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை.

அறைக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெஷின்களின் கால் மறையும் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். சேலை ஒன்றுகூட இல்லை. அடித்துக்கொண்டு போனதா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா என்று புரியாமல் வாசற்படியில் நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை, சத்தமாகவே அழுதேன். எதிர் வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. "மேல வாம்மா" என்றார் மாமா.

மாடிக் கூடத்தில், நவராத்திரி முடிந்தும் பிரிக்காமல் வைத்திருந்த கொலுப்படிகளில், பொம்மைகள் இருந்த இடத்தில் சேலைகள் அடுக்கடுக்காக உலர்ந்த நிலையில் இருந்தன. கீழே பாயை விரித்து எட்டுப் பெண்கள் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே கன்னியம்மா பூட்டை உடைத்து, மாமி வீட்டுக் கதவைத் தட்டி, எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. "உங்க வீடெல்லாம்?" என்றேன். ஊசியிலிருந்து கண் எடுக்காமல் கன்னியம்மா சொன்னாள்:

"வூட்ல இடுப்பளவு தண்ணி மேடம். அது நம்ம சாமான், போனா போவுது. இது ஊரான் வூட்டு சாமானாச்சே."

பட்டியல்

அதற்கு அடுத்த வருஷம் கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றார்கள். யாரை ஊருக்கு வெளியே குடியமர்த்துவது என்ற பட்டியல் தயாராகிவிட்டிருந்தது. நாலு இலாகாவுக்கும் ஒருங்கிணைப்பாளரான எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. அதைப் படித்துக் காட்டும் வேலை மட்டும் எனக்கு வந்தது. பன்னிரண்டு பேரில் ஏழு பேரின் பெயர் இருந்தது. கன்னியம்மா பெயர் வந்தபோது அதை இரண்டு தடவை படித்தேன். அவர்கள் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். செல்வி என்ற கைக்குழந்தைக்காரி மட்டும், "அங்க ஆஸ்பத்திரி எதுனா இருக்குதா மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

அவர்கள் லாரியில் ஏறிப் போன மறுவாரம், யூனிட்டை மூடலாம் என்று அறிக்கை தட்டச்சு செய்துகொண்டு, மெஷின்களைக் கணக்கெடுக்கப் போனேன். அறை திறந்திருந்தது. ஏழு பேரில் நாலு பேர் முதல் பஸ்ஸைப் பிடித்து, இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். செல்வி வரவில்லை. கன்னியம்மா ஒரு மெஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அதைத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோக விதி இல்லை, நாலு இலாகாவிடமும் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் பதறினேன். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்க பத்துப் பொம்பளைங்க கத்துக்கறேன்னு குந்திக்கினு கீறாங்க மேடம். நாங்க எடுத்துக்கினு போறோம், நீங்க பொறுமையா லெட்டரு எழுதுங்க."

வளர்ச்சித் திட்டம் என்றுதான் அதற்குப் பெயர். நான் பார்த்தவரை வளர வேண்டியவர்கள் எங்களுக்காகக் காத்து நின்றதே இல்லை, நாங்கள்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம்.