அவுக கண்ணுக்குத் திருப்பின வளையம்

எங்க வீட்டில் ஒரு ஏர் ரைஃபிள் உண்டு. லைசென்ஸ் கேட்காத ரகம். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கி, சின்ன ஈயக் குண்டு போட்டுச் சுட வேண்டும். காக்காய் குருவி எதையும் சுட்டதில்லை, அட்டையில் வட்டம் போட்டுச் சுடுவதோடு சரி. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, உப்பளத்துக்குப் போகிற வழியில் இருக்கிற கிளப் கொட்டகைக்கு ரெண்டு பேரும் ஸ்கூட்டரில் போவோம். அவுக ஸ்கோப் மாட்டின தன் துப்பாக்கியில் சுடுவாக. நான் கிளப் துப்பாக்கியில் இரும்புக் குறியை வைத்துச் சுடுவேன். சுட்டு முடித்ததும் ஒருத்தர் அட்டையை ஒருத்தர் பார்த்துக் குறை சொல்வோம். நாங்கள் சினிமாவுக்குப் போனது, பீச்சுக்குப் போனது எல்லாம் அதுதான்.

அவுக போய் மூணு வருசம் ஆகிறது. கடையில் நங்கூரச் சங்கிலி அளந்துகொண்டிருந்தவுக, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாக. எழுந்திருக்கவில்லை. படகுச் சாமான் கடை எங்களுடையது, கயிறு, கப்பி, போல்ட்டு, சங்கிலி. இப்போது நான்தான் பார்க்கிறேன். காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறேன். "யக்கா, அரை இஞ்சுக் கயிறு இருக்கா?" "யக்கா, இந்தப் போல்ட்டுக்கு நட்டு குடு." பேச்சு பூராவும் கயிறோடும் போல்ட்டோடும்தான், என்னோடு பேச்சே கிடையாது. நீ சாப்பிட்டியா என்று ஒரு நாதி கேட்காது. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், அதுவும் பேரப்பிள்ளை போனைப் பிடுங்குகிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு அந்த மத்தியானம் இருக்கிறதே, அது போகவே போகாது.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் பீரோவுக்குப் பின்னால் இருந்து துப்பாக்கியை எடுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒரே மங்கல். உப்புக்காற்றில் கண்ணாடி பூத்துப்போச்சு என்று முந்தானையால் தேய்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஸ்கோப்பில் கண் வைக்கிற முனையில் ஒரு வளையம் உண்டு. பார்க்கிறவர் கண்ணுக்குத் தகுந்த மாதிரி அதைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அவுகளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. சுடும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாக, அதற்கு ஏற்ற மாதிரி வளையத்தை வெகுவாகத் திருப்பி வைத்திருந்தாக. அவுக கண்ணுக்குத் தெளிவு, என் கண்ணுக்கு மங்கல். ஆக, நான் பார்த்துக்கொண்டிருந்தது அவுக கண்ணு.

சட்டை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மகள் மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். கொடுக்கட்டும், செத்தவுக செருப்பை வைத்து என்ன செய்ய? ஆனால் இந்த வளையத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று அதில் கண்ணை வைப்பேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல், லைட் ஹவுஸ் எல்லாம் தண்ணியில் கரைந்த சாயம் மாதிரி தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி அடுப்பைப் பற்ற வைப்பேன். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவள், இவளுக்குக் கழன்றுபோச்சு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

கிளப்புக்குத் திரும்பப் போக ஆரம்பித்தேன். நாலு மனுச முகம் பார்க்க வேண்டாமா? போனால், இரும்புக் குறி எனக்குத் தெரியவில்லை. வயசானதில் வந்த சாளேஸ்வரம், கிட்ட இருக்கிறது எல்லாம் புகை. குண்டு அட்டையில் படாமல் பின்னால் இருக்கிற மணல் மூட்டையில் போய்ப் புதைந்தது. கிளப் செயலாளர் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், எங்க வீட்டுக்காரரை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றி வந்தவர். அவர் சொன்னார்: "மதினி, அண்ணாச்சி ஸ்கோப்புல வளையத்தை லேசாத் திருகிட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்குக் கஷ்டப்படுதீய?"

"உங்க சோலியைப் பாருங்க தம்பி. நான் புதுசு வாங்கிக்கிடுதேன்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. பாத்திரக்கடைக்காரரிடம் நின்று அவுக கண்ணு, என் கண்ணு என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு வராது.

ஸ்கோப் வாங்கின கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், அதுவும் ஆன்லைனில். பெரிசாக்கிக் காட்டினால் நல்லது என்று பீரங்கி கணக்கில் ஒன்றை வரவழைத்தேன். தூரத்துப் பனையில் நொங்கு எண்ணலாம், ஆனால் கொட்டகைக்குள் கிட்டத்தில் இருக்கிற அட்டை சுத்தமாகத் தெரியவில்லை. அது போகட்டும், நாலு ஞாயிறு சுடுவதற்குள் உள்ளே இருக்கிற சிலுவைக் கோடு சரிந்து படுத்துவிட்டது. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் ஒரு தடவை உதைக்கும், உடனே முன்னால் ஒரு தடவை உதைக்கும். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்குகிற ஸ்கோப்கூட இந்த ரெட்டை உதையைத் தாங்காதாம். அதற்கென்றே செய்தது வேண்டும். அடுத்தது விசாரித்து வாங்கினேன். பெரிசாக்குவது குறைச்சல்தான், ஆனால் முன்பக்க வளையத்தைத் திருப்பினால் கிட்டத்து அட்டையும் பளிச்சென்று தெரியும், எடையும் கை தாங்குகிற எடை.

அவுக ஸ்கோப்பை முதல் பார்சல் வந்த அன்றைக்கே இறக்கியாச்சு. வளையத்தில் விரல் பட்டுவிடக்கூடாது என்று துணி சுற்றிப் பிடித்துக் கழற்றி, பஞ்சு வைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். புதுசை மாட்டுவது எனக்குப் பெரிய வித்தை இல்லை, திருகாணி மரையோடுதானே பிழைப்பு. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்து, கண்ணை மூடித் திறந்தால் முழு வட்டமும் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்புப் பிறை விழுந்தால் ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். கடை உத்தரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கு நேராகச் சிலுவைக் கோட்டை நிறுத்தினேன். திருகாணியை ஒரு பக்கமாகவே இறுக்கக்கூடாது, பம்பு மூடிக்கு இறுக்குகிற மாதிரி எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. மரைக்கு லேசாக கிரீஸ், இல்லாவிட்டால் நம்ம ஊர்க் காற்றில் துரு பிடித்து ஜென்மத்துக்கும் கழலாது.

சிலுவைக் கோடு காட்டுகிற இடத்திலேயே குண்டு விழுகிற மாதிரி குறி சேர்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும், அது எனக்கு ஏது? ஒரு குண்டு இடது பக்கம் விழுந்தால் உடனே குமிழைத் திருகுவேன், அடுத்தது வலது பக்கம் விழும், திரும்பத் திருகுவேன். கச்சான் காற்று வேறு கொட்டகைக்குள் புகுந்து அடித்தது. ஸ்கோப் சரியில்லை, குண்டு சரியில்லை, காற்று சரியில்லை என்று வாய்க்கு வந்தபடி வைதேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கடைசியில் புத்தி வந்தது. மூணு குண்டைச் சுட்டு, மூணும் ஒரே இடத்தில் கூடி விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் குமிழைத் தொட வேண்டும். மேல் குமிழ் ஏற்றி இறக்கும், பக்கக் குமிழ் இடம் வலம் தள்ளும். அப்படிச் செய்ததும் அட்டை நடுவில் ஒரே ஓட்டையாக விழுந்தது. அட்டையைக் கழற்றி வலது பக்கமாகத் திரும்பி நீட்டினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கடையில் தராசுக்கும் கயிறு வெட்டுகிற கத்திக்கும் சந்தனம் வைப்பேன். கிளப்பிலும் உண்டு. முதல் நாளே எல்லோர் துப்பாக்கியையும் வாங்கித் துடைத்து எண்ணெய் போட்டு, மறுநாள் வாழை இலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள். செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி ஸ்கோப்பையும் குடுங்க மதினி. அவுகளே வந்து நிக்க மாதிரி இருக்கும்."

அந்தச் சொல்லில் என் மனசு இளகிவிட்டது. துப்பாக்கியையும் அந்தப் பெட்டியையும் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் போனபோது இலை நடுவில் அதைத்தான் வைத்திருந்தார், சந்தனப் பொட்டும் ஒரு ரோஜாவுமாக. தீபாராதனை காட்டும்போது எல்லோரும் அதைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், எனக்குப் பெருமையாக இருந்தது. மூணு வருசத்தில் அவுக பேரைச் சொல்லி அத்தனை பேர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து, பொரியை டப்பாவில் தட்டிவிட்டு, ஸ்கோப்போடு மாடிக்குப் போனேன். கண்ணை வைத்தேன். பளிச்சென்று தெரிந்தது. கப்பலில் எழுதியிருக்கிற பேர், லைட் ஹவுஸில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம், எல்லாம் தெரிந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் அவருக்குப் போன் போட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்: "பாத்தியளா மதினி? நேத்து பூரா நானே உக்காந்து துடைச்சேன், ஒருத்தனையும் தொட விடல. வளையம் குமிழ் எல்லாம் கண்டபடி திருகிக் கிடந்துச்சு. எல்லாத்தையும் புள்ளிக்குப் புள்ளி சேத்துப் புதுசாட்டம் வச்சிருக்கேன். அண்ணாச்சிக்கு நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க?" பூஜைக்கு முன்னால் எல்லாவற்றையும் சுத்தமாக்கி, முதல் புள்ளியில் கொண்டுவந்து வைப்பதுதானே அவர்கள் முறை. என்னுடைய வளையத்தின் விசயம் அவருக்கு எப்படித் தெரியும்?

"நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சந்தனம் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. வளையத்தை வலது பக்கம் திருப்பினேன், கப்பல் மங்கியது. இன்னும் திருப்பினேன், இன்னும் மங்கியது. இடது பக்கம் கொண்டுவந்தேன், அங்கேயும் மங்கல்தான். தினமும் பார்த்த மங்கல், பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை. எல்லா மங்கலும் ஒரே மாதிரி இருந்தது. தெரு விளக்கு போடுகிற வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கனயா வச்சிருந்தீய?" என்று வாய்விட்டே கேட்டேன். அவுக செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.