மெயின் அணையும்வரை கடல்

முத்துசெல்வி தினமும் கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து, தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலேயே செல்போனைக் கொடுத்துவிடுவாள். தீக்குச்சி மருந்து இருக்கிற இடம் என்பதால் யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. பில் போடும் அறையில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. எங்கள் கம்ப்யூட்டரில் பில்லுக்கும் பேங்குக்கும் வேண்டியதைத் தவிர எதைத் திறந்தாலும் 'அனுமதி இல்லை' என்று சிவப்பாக வரும்.

எப்படியோ ஒரு விளையாட்டு மட்டும் அந்தத் தடைக்குத் தப்பியிருந்தது. ஒரு சின்னப் படகு, சுற்றிலும் கடல். சுடுவதற்கோ பிடிப்பதற்கோ அதில் எதுவும் இல்லை. கரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். சாப்பாட்டு வேளையில் ஒரு கையால் தயிர்சோறு தின்றபடி மறு கையால் ஓட்டுவாள். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும். மாதக்கணக்காகியும் கரை தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடக்க, அவள் முகத்தில் நீல வெளிச்சம் அலைந்துகொண்டிருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் கம்ப்யூட்டர் பார்க்கிற மணிகண்டபிரபு வந்தான்.

"முதலாளி சொல்லிட்டாருக்கா. இனிமே இந்த வெளையாட்டு கூட தொறக்காது."

அவள் படகைக் காட்டினாள்.

"முன்னாடியே தொறந்து கெடக்கதால ஓடுது. ஆஃப் பண்ணுனா அவ்வளவுதான்."

எங்கள் ஆபீஸில் சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. நெருப்புப் பயம். ஆக, கரையைப் பார்க்க அவளுக்கு அந்த ஒரு நாள்தான்.

அன்று வானம் மூடியிருந்தது. குச்சியில் மருந்து காயாததால் லோடு இல்லை. வேலையில்லாமல், அவள் மத்தியானம் முழுக்க ஓட்டினாள். லேபிள் ஒட்டுகிற வெள்ளைத்தாயும் மற்ற பெண்களும் ஜன்னலில் வந்து நின்றார்கள்.

"ஏட்டி, எங்கன போற? குளத்தூரு தாண்டியாச்சா?"

"தெரியலக்கா."

"என்னையும் ஏத்திக்கோ. சுகுணாவ மட்டும் வேண்டாம், படகு முங்கிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகுணாதான் அதிகம் சிரித்தாள். பிறகு பேச்சு குறைந்தது. திரையில் பனி இறங்கியது. வெளியிலும் இருட்டிக்கொண்டு வந்ததில் எது எந்தப் பக்கத்து மேகம் என்று தெரியவில்லை.

காவல்காரர் கருப்பசாமி மெயின் பக்கத்தில் போய் நின்றார். "அணைக்கட்டாம்மா?"

"கொஞ்சம் இருங்கண்ணாச்சி."

பனிக்குள் ஒரு கோடு எழுந்தது. மரங்கள், ஒரு படித்துறை, மேலே திறந்த கதவு ஒன்றில் விளக்கு.

"வந்துட்டுட்டி! விடு, விடு!" என்று வெள்ளைத்தாய் ஜன்னல் கம்பியை உலுக்கினாள்.

முத்துசெல்வி விரலை எடுத்துவிட்டாள். படகு படித்துறைக்கு எதிரே லேசாக ஆடியபடி நின்றது. அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தவள், படகை மெல்லத் திருப்பினாள்.

"ஏட்டி, என்ன திருப்புத? இம்புட்டு நாளும் கரைக்குத்தான போன?"

"பாத்துட்டம்லா, போதும்க்கா. தொட்டா முடிஞ்சிரும்."

படகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கடலுக்குப் போனது. கரை மறுபடி பனிக்குள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்:

"இப்ப அணைங்கண்ணாச்சி."