படத்தில் பார்த்த சமையலறை

மர வேலைக்காரனுக்கு மரத்தோடு படும் பாட்டைவிட, வாடிக்கையாளர் காட்டும் படத்தோடு படும் பாடு பெரிது; இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோஹாவில் இருபது வருஷம் மரப்பட்டறையில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, ஒரு பெட்டி நிறைய வீட்டு அலங்கார இதழ்களையும் கொண்டுவந்தேன். தூத்துக்குடியில் பட்டறை போட்டதும் அவற்றை வாசல் பக்கம் அடுக்கிவைத்தேன்.

பக்கம் புரட்டியது

முதல் முழுச் சமையலறை வேலையைக் கொடுத்தவர் ரெஜினா அக்கா. வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சினியர்; கிறிஸ்மஸுக்கு வருகிறார், அதற்குள் முடிய வேண்டும். இதில் சொதப்பினால் அந்தத் தெருவில் எனக்கு இன்னொரு வேலை கிடைக்காது.

புரட்டிக்கொண்டே வந்த அக்காவின் கை ஒரு பக்கத்தில் நின்றது. வெள்ளை அலமாரி, மூன்றடுக்கு டிராயர். கீழே இருந்த இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொன்னேன்: அது குளிர்நாட்டு மரம், நம் கடல்காற்றில் உப்பிவிடும், மரைன் பிளைவுட்டில் செய்துவிடலாம். அக்கா அதற்குள் படத்தைச் செல்போனில் எடுத்துக் கப்பலுக்கு அனுப்பியாயிற்று.

“எழுத்தை நீங்க படிச்சுக்கிடுங்க தம்பி, எனக்குப் படம் மாறக் கூடாது.”

ஸ்கேல்

படத்தில் அளவு ஏது? ஆனால் படத்தில் இருந்த மாதிரி வெளிநாட்டு அடுப்பு அறுபது சென்டிமீட்டர் அகலம் என்பது எனக்குத் தெரியும். படத்தில் அதை ஸ்கேலால் அளந்து, அந்தக் கணக்கில் மற்றதையெல்லாம் பிடித்தேன். மேடை உயரம் முப்பத்தாறு அங்குலம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்து, இப்போது பட்டறையில் பாலீஷ் போடும் செல்லையா எட்டிப் பார்த்தான்.

“ஏலே, போட்டோவ வச்சு மாப்பிள்ளைக்கு உசரம் பாக்க மாதிரில்லா இருக்கு.”

நாலு அங்குலம்

அக்கா வீட்டில் அலமாரிப் பெட்டிகளை நிறுத்தி, மேடைக் கல் பதிக்கும் முன் மேலே ஒரு பலகையைப் போட்டு, நின்று பார்க்கச் சொன்னேன். அக்கா சும்மா நிற்கவில்லை. அன்றைக்கு வாங்கிய சீலா மீனைப் பலகையில் வைத்துக் கத்தியை எடுத்தார். தோள் காதுவரை ஏறியது. நடுமுள்ளில் கத்தி இறங்கவில்லை.

மேடை உயரத்தில் நாலு அங்குலம் குறைக்கலாம், ஆனால் மூன்று டிராயர் இரண்டாகிவிடும் என்றேன். அக்கா முகம் வாடிவிட்டது. வீட்டுக்காரர் படத்தைக் கப்பல் முழுக்கக் காட்டி, இதுதான் எங்கள் வீட்டுச் சமையலறை என்று சொல்லிவிட்டாராம். இன்னொரு வெட்டு வெட்டிப் பார்த்தார்.

“குறைங்க தம்பி, அவுகட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

ஒப்பிட்டுப் பார்த்தது

வீட்டுக்காரர் வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், செல்போனில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மேடை முன்னால் நிற்கிறார். ஒரு டிராயரைக் காணோமே என்றார். அக்கா இன்னும் சொல்லவில்லை போல. படத்தில் மேடைமேல் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம், வேறொன்றும் இல்லை. நான் வாயைத் திறக்குமுன், மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னார்.

“அந்த வீட்டுக்காரிக்கு எலுமிச்சம்பழம் அடுக்கினாப் போதும், எனக்குச் சீலா வெட்டணும்லா.”

அந்தத் தெருவிலேயே இப்போது மூன்றாவது சமையலறை நடக்கிறது. யார் படத்தோடு வந்தாலும் முதலில் அவர்களை நிற்கவைத்து டேப்பை நீட்டுகிறேன், தையல்கடைக்கு வந்துவிட்டோமோ என்று சிலர் முழிக்கிறார்கள்.